பெட்டி இருக்கு... பெயர் எங்கே? ஆன்லைன் படிவங்களில் 'லேபிள்' இணைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? - முழு விளக்கம்

சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை, வங்கிக் கணக்கு... இன்றைக்கு எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் வந்து நிற்பது ஒரு ஆன்லைன் படிவம். 'பெயர்', 'பிறந்த தேதி', 'ஆதார் எண்' என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் காலிப் பெட்டிகள் இருக்கும். பார்க்கிறோம், டைப் செய்கிறோம், முடிந்தது. ஆனால் கண் பார்வை இல்லாத ஒருவர் அதே படிவத்தைத் திறந்தால், சில நேரம் அவர் காதில் விழுவது இதுதான்: "எடிட் பாக்ஸ்... எடிட் பாக்ஸ்... எடிட் பாக்ஸ்..."

எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது? போன் சொல்லாது. ஏனென்றால் அந்தப் பெட்டிக்கு என்ன பெயர் என்று போனுக்கே யாரும் சொல்லித் தரவில்லை. இதைச் சரிசெய்ய பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஒரு பெட்டிக்கு ஒரு சின்ன வரி கோடிங் போதும். அந்த வரி என்ன, அது இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம், சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

வெள்ளக்கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில், சேர்வராயன் மலையில் உள்ள ஊர் வெள்ளக்கடை. இந்த மலை ஊர்களில் மலையாளி பழங்குடி மக்கள் அதிகம் வாழ்கிறார்கள். இவர்களின் பிள்ளைகள் கல்லூரியில் சேர, உதவித்தொகை வாங்க, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க, பழங்குடியினர் சாதிச் சான்று இல்லாமல் முடியாது. தமிழ்நாட்டில் மற்ற பிரிவினரின் சாதிச் சான்று தாசில்தார் அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றை வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்குத்தான்.

மலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால்தான் 'வீட்டில் இருந்தே விண்ணப்பிக்கலாம்' என்ற வசதி, சமவெளியில் இருப்பவர்களை விட மலையில் இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம்.

இப்போது ஒரு உதாரணத்துக்கு, வெள்ளக்கடையில் பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதில் திரையை வாசித்துக் காட்டும் வசதியும் இருக்கிறது. படிவத்தில் பெயர்கள் சரியாக இணைக்கப்பட்டிருந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் அவரே விண்ணப்பித்துவிடுவார். இணைக்கப்படாவிட்டால்? இன்னொருவரைத் தேட வேண்டும். ஆதார் எண், குடும்ப வருமானம், உடல் நிலை, வங்கிக் கணக்கு, கடைசியில் போனுக்கு வரும் ஓடிபி வரை எல்லாவற்றையும் அந்த இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போன இடத்தில் நல்லவர் கிடைத்தால் சரி. இல்லாவிட்டால்?

அதாவது இங்கே இழப்பது நேரத்தை மட்டும் அல்ல, அந்தரங்கத்தையும்.

'லேபிள்' என்றால் என்ன?

படிவத்தில் பெட்டிக்குப் பக்கத்திலோ மேலேயோ இருக்கும் 'பெயர்', 'முகவரி' போன்ற எழுத்துதான் லேபிள். நாம் நிரப்பும் பெட்டிக்கு 'இன்புட்' என்று பெயர்.

நம் கண்ணுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், 'இந்தப் பெயர் இந்தப் பெட்டிக்கு' என்று மூளை தானாகப் புரிந்துகொள்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்தப் புரிதல் கிடையாது. அதற்கு 'பெயர்' என்பது திரையில் ஓரிடத்தில் உள்ள எழுத்து. பெட்டி என்பது இன்னோர் இடத்தில் உள்ள பெட்டி. இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

ரேஷன் கடையில் வரிசையாக மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. எதிரே சுவரில் 'புழுங்கல் அரிசி', 'பச்சரிசி', 'கோதுமை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. பார்ப்பவருக்கு ஓரளவு புரியும். அதே சீட்டை ஒவ்வொரு மூட்டையிலும் கட்டித் தொங்கவிட்டால், மூட்டையை எங்கே நகர்த்தினாலும் பெயரும் கூடவே போகும். லேபிளை இணைப்பது என்பது சீட்டை மூட்டையில் கட்டுவதுதான்.

எப்படி இணைப்பது?

இணையப் பக்கங்கள் எழுதப்படும் ஹெச்டிஎம்எல் மொழியில் இதற்கு இரண்டு நேரடி வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: 'ஃபார்', 'ஐடி' ஜோடி. ஒவ்வொரு பெட்டிக்கும் 'ஐடி' என்ற அடையாளம் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கான லேபிளில் 'ஃபார்' என்று போட்டு, அதே அடையாளத்தை அப்படியே எழுத வேண்டும். பெட்டியின் ஐடி 'மொபைல்' என்றால், லேபிளின் ஃபாரும் 'மொபைல்' என்றே இருக்க வேண்டும். அவ்வளவுதான், இரண்டும் இணைந்துவிடும். பெட்டி திரையில் எந்த மூலைக்குப் போனாலும் பெயர் அதை விட்டுப் பிரியாது.

இரண்டாவது வழி: பெட்டியை லேபிளுக்கு உள்ளேயே வைத்துவிடுவது. உறைக்குள் கடிதம் மாதிரி. இதில் தனியாக ஐடி கொடுக்காவிட்டாலும் இணைப்பு வந்துவிடும். ஆனாலும் சில குரல் கட்டளைக் கருவிகளில் இது சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால், முதல் வழியைத்தான் பல வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

இவை தவிர 'ஏரியா லேபிள்' என்ற மூன்றாவது வழியும் உண்டு. தேடல் பெட்டியில் வெறும் பூதக்கண்ணாடிப் படம் மட்டும் இருக்கும் அல்லவா? அந்த மாதிரி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தே இல்லாத இடங்களில், திரை வாசிப்பானுக்கு மட்டும் பெயரைச் சொல்லும் வழி இது. ஆனால் திரையில் எழுத்து இருக்கும்போது இதைப் போட்டு ஒப்பேற்றினால், இணைப்பின் மற்ற பலன்கள் கிடைக்காது.

இது எப்போது வந்தது?

லேபிள் என்பது நேற்று வந்த விஷயம் இல்லை. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1997 டிசம்பரில் வெளியிட்ட ஹெச்டிஎம்எல் 4.0 பதிப்பிலேயே லேபிள் இடம்பெற்றுவிட்டது. 1999-ல் அதே அமைப்பு வெளியிட்ட முதல் அணுகல் வழிகாட்டு நெறிகள், லேபிளைப் பெட்டியுடன் வெளிப்படையாக இணைக்க வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு 2008, 2018, 2023 என மூன்று முறை அந்த நெறிகள் புதுப்பிக்கப்பட்டன. இந்த விஷயம் மட்டும் மாறவே இல்லை.

கால் நூற்றாண்டு தாண்டியும் நிலைமை என்ன? அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பு, ஆண்டுதோறும் உலகின் 10 லட்சம் முன்னணி இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைப் பரிசோதிக்கிறது. 2025-ல் சுமார் 48 சதவீதப் பக்கங்களில் பெயர் இணைக்கப்படாத பெட்டிகள் இருந்தன. கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று!

பார்வையற்றவர்கள் படிவத்தை எப்படி நிரப்புகிறார்கள்?

ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற வசதிகள் முன்கூட்டியே இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கு 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய முயற்சி அது. திரை வாசிப்பு மென்பொருள்களின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததுதான் காரணம். இன்று தமிழிலும் அது வாசிக்கிறது.

திரை வாசிப்பானைப் பயன்படுத்துபவர், கம்ப்யூட்டரில் 'டேப்' பொத்தானை அழுத்தி ஒரு பெட்டியில் இருந்து அடுத்த பெட்டிக்குத் தாவிக்கொண்டே போவார். அப்படித் தாவும்போது இடையில் இருக்கும் சாதாரண எழுத்துகளைக் கருவி வாசிக்காது. பெட்டியுடன் இணைந்த லேபிளைத்தான் வாசிக்கும். இணைப்பு இருந்தால் 'மொபைல் எண், எடிட் பாக்ஸ்' என்று கேட்கும். இல்லாவிட்டால் வெறும் 'எடிட் பாக்ஸ்'. சில கருவிகள் அக்கம்பக்கத்தில் உள்ள எழுத்தை வைத்து யூகிக்கப் பார்க்கும். யூகம் தப்பினால் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாய் பெயர் போய் உட்காரும்.

அரசுச் சான்றிதழில் ஒரு எழுத்து தவறினாலே என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பம் திரும்பி வரும், இல்லாவிட்டால் திருத்தத்துக்கு மறுபடியும் அலைய வேண்டும்.

பார்வை உள்ளவர்களுக்கு இதனால் என்ன லாபம்?

நிறைய இருக்கிறது. 'நான் விதிமுறைகளை ஏற்கிறேன்' என்று எழுதி, பக்கத்தில் கடுகு சைஸில் ஒரு கட்டம் இருக்கும். லேபிள் இணைக்கப்பட்டிருந்தால் அந்த வாக்கியத்தில் எங்கே தொட்டாலும் டிக் விழும். இணைக்கப்படாவிட்டால் அந்தக் கடுகைத்தான் குறிபார்த்துத் தொட வேண்டும்.

• கை நடுக்கம் உள்ள முதியவர்கள்
• விரல்களை முழுமையாக அசைக்க முடியாதவர்கள்
• ஓடும் பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன் பார்ப்பவர்கள்

எல்லோருக்கும் இது உதவும். கையே பயன்படுத்த முடியாமல் குரலால் போனை இயக்குபவர்களுக்கு இது இன்னும் அவசியம். திரையில் 'மொபைல் எண்' என்று இருப்பதைப் பார்த்து அவர் 'மொபைல் எண்' என்று சொல்வார். பெட்டிக்கு அந்தப் பெயர் உள்ளுக்குள்ளும் இருந்தால்தான் போன் அதைத் திறக்கும்.

எங்கெல்லாம் தப்பு நடக்கிறது?

பெட்டிக்குள்ளேயே மங்கலாக எழுதுவது: 'உங்கள் பெயர்' என்று பெட்டிக்குள் வெளிர் நிறத்தில் இருக்கும். இதற்கு 'பிளேஸ்ஹோல்டர்' என்று பெயர். பார்க்க அழகாக இருக்கும், இடமும் மிச்சம். ஆனால் டைப் செய்ய ஆரம்பித்ததுமே அது மறைந்துவிடும். பாதியில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால், எந்தப் பெட்டியில் எதைக் கேட்டார்கள் என்றே தெரியாது. பிளேஸ்ஹோல்டர் ஒரு குறிப்பு மட்டுமே, அது லேபிளுக்கு மாற்று ஆகாது.

ஒரே ஐடியை இரண்டு இடத்தில் போடுவது: குடும்ப உறுப்பினர்கள் விவரம் கேட்கும் படிவத்தில் இது சகஜம். முதல் உறுப்பினருக்கு எழுதிய கோடை அப்படியே காப்பி அடித்து இரண்டாவது, மூன்றாவது உறுப்பினருக்கும் ஒட்டிவிடுவார்கள். ஐடி எல்லாம் ஒன்றாகவே இருக்கும். விளைவு, மூன்றாவது உறுப்பினரின் 'பெயர்' என்ற எழுத்தைத் தொட்டால் கர்சர் முதல் உறுப்பினரின் பெட்டிக்கு ஓடும். ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரு முறைதான் வர வேண்டும்.

கேள்வியை விட்டுவிட்டு பதிலை மட்டும் இணைப்பது: 'மாற்றுத்திறனாளியா?' என்று கேட்டு 'ஆம்', 'இல்லை' என இரண்டு வட்டங்கள். 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் லேபிள் இருக்கும். ஆனால் கேள்வி தனியாகத் தொங்கும். காதில் 'ஆம்' என்று மட்டும் விழுந்தால், எதற்கு ஆம்? இதற்கு 'ஃபீல்ட்செட்' என்ற வேலிக்குள் வட்டங்களை வைத்து, 'லெஜண்ட்' என்ற தலைப்பில் கேள்வியை எழுத வேண்டும். அப்போது கேள்வியும் சேர்ந்தே வாசிக்கப்படும்.

ஓடிபி கட்டங்கள்: ஆறு எண்ணுக்கு ஆறு குட்டிக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் இல்லாவிட்டால் ஆறு முறை 'எடிட் பாக்ஸ்'தான். நேரமோ ஓடிக்கொண்டிருக்கும்.

சிவப்பு நிறத்தில் மட்டும் பிழை காட்டுவது: தப்பாக நிரப்பிய பெட்டி சிவப்பாகும். பார்க்க முடியாதவருக்கு அது எப்படித் தெரியும்? 'மொபைல் எண்ணில் 10 இலக்கம் இருக்க வேண்டும்' என்று எழுத்தில் சொல்லி, அந்தச் செய்தியையும் பெட்டியுடன் இணைக்க வேண்டும். இதற்கு 'ஏரியா டிஸ்க்ரைப்டுபை' என்ற வழி இருக்கிறது.

தமிழ்ப் படிவங்களுக்கு மட்டும் வரும் சிக்கல்

எல்லா லேபிளும் சரியாக இணைக்கப்பட்டிருந்தும் தமிழ்ப் படிவம் தடுமாறலாம். பக்கத்தின் மொழி 'தமிழ்' என்று கோடில் குறிப்பிடப்படாமல் 'ஆங்கிலம்' என்றே இருந்தால், திரை வாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்கப் பார்க்கும். அப்போது வருவது குழப்பமான ஒலி, அல்லது மௌனம். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் இருந்தால் எந்தப் பகுதி எந்த மொழி என்று தனித்தனியாகக் குறிக்கலாம்.

இன்னொன்று, வார்த்தை. ஆங்கிலப் படிவத்தை அப்படியே தமிழாக்கி 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று கேட்டால், இனிஷியல் போடும் தமிழர்கள் எதை எங்கே எழுதுவது? பெயர் இணைக்கப்பட்டால் மட்டும் போதாது. கேட்டவுடன் புரியும் பெயராகவும் இருக்க வேண்டும். 'ஆதாரில் உள்ளபடி பெயர்', 'இனிஷியல்' என்று கேட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். அதில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 50 லட்சம். இவர்களுக்காக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பச் சேவைகளை அவர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவில் தர வேண்டும் என்கிறது. அரசுக்கு மட்டுமல்ல, தனியார் சேவை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10,000 வரையும், அடுத்தடுத்த முறை ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89-வது பிரிவு வழி செய்கிறது.

2024 நவம்பர் 8-ம் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்து 2025 ஏப்ரல் 30. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் உள்ளிட்டோரும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடர்ந்த வழக்குகளில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. ஆன்லைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி நடைமுறையில் 'கண் சிமிட்டுங்கள்' என்று கேட்டால், சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார் என்பதுதான் அந்த வழக்கின் மையம். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. குறிப்பிட்ட கால இடைவெளியில் அணுகல் தணிக்கை நடத்த வேண்டும், செயலிகளை வெளியிடும் முன் நடத்தும் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்பவை அவற்றில் சில.

அரசு இணையதளங்களுக்கென மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 17802 தரமும் இருக்கின்றன. பெட்டிக்கும் பெயருக்கும் இணைப்பு வேண்டும் என்பது இவற்றிலும் அடங்கும்.

நீங்களே சோதிப்பது எப்படி?

கோடிங் தெரிய வேண்டாம். ஒரு நிமிடம் போதும்.

• படிவத்தில் பெட்டியைத் தொடாமல், பக்கத்தில் இருக்கும் பெயரைத் தொடுங்கள். கர்சர் பெட்டிக்குள் போனால் லேபிள் இணைந்திருக்கிறது.
• போகாவிட்டால் அடுத்த சோதனை. போன் செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி' பகுதிக்குப் போய் டாக்பேக்கை ஆன் செய்து, பெட்டியின் மேல் விரலை வையுங்கள். பெயரைச் சொல்கிறதா? சொன்னால் வேறு வழியில் இணைத்திருக்கிறார்கள். வெறும் 'எடிட் பாக்ஸ்' என்றால் சிக்கல்தான்.
• டாக்பேக் ஆன் ஆனதும் போன் இயங்கும் விதம் மாறும். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இரண்டு முறை வேகமாகத் தட்டினால்தான் திறக்கும். ஆஃப் செய்யும் வழியைத் தெரிந்துகொண்டு முயற்சி செய்யுங்கள்.

குறை இருந்தால் அந்த இணையதளத்தின் உதவிப் பக்கத்தில் புகார் செய்யலாம். எந்தப் பக்கம், எந்தப் பெட்டி, திரை வாசிப்பான் என்ன சொன்னது என்று குறிப்பாக எழுதினால் சரிசெய்பவருக்கும் சுலபம். தீர்வு கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ, டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமோ முறையிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கல்லூரி புராஜெக்ட்டுக்காக முதல் படிவத்தை உருவாக்கும் மாணவர்களும் இதைக் கவனிக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு நூற்றுக்கணக்கான பெட்டிகளில் பெயரைத் தேடி இணைப்பது பெரிய வேலை. பெட்டியை உருவாக்கும்போதே ஒரு ஐடி, ஒரு ஃபார் போட சில விநாடிகள்தான் ஆகும். அந்தச் சில விநாடிகள், மலையில் இருக்கும் ஒருவர் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புவதா, இன்னொருவரிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பதா என்பதை முடிவு செய்கின்றன.